அப்பாவோட ஒரிஜினல் டிவிடி, விசிடி படங்களை லேப்டாப்புல ஏத்தணும், வழி சொல்லுங்க

பண்பொழிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். வீடு பண்பொழி, வேலை புனலூர்ல. செங்கோட்டையில ரயில் ஏறினா பகவதிபுரம் வரைக்கும் போன்ல படம் ஓடும். குகைக்குள்ள நுழைஞ்சதும் சுத்த ஆரம்பிக்கிற வட்டம், ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை எல்லாம் தாண்டி இடமண் வந்தாத்தான் நிக்கும். ஆப்ல டவுன்லோடு பண்ணி வைக்கலாம்தான். ஆனா நான் பாக்க ஆசைப்படுற பழைய படங்கள் பாதி அதுல கிடையாது, இருந்ததும் திடீர்னு காணாமப் போயிடுது.

வீட்டுல அப்பா சேத்து வச்ச டிஸ்க் ஒரு ட்ரங்குப் பெட்டி நிறைய இருக்கு. தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கும். எல்லாம் காசு கொடுத்து வாங்கின ஒரிஜினல். பாதி டிவிடி, பாதி விசிடி. என் லேப்டாப்புல டிஸ்க் போடுற இடமே இல்ல. ஆபீஸ்ல ஒரு பழைய கம்ப்யூட்டர்ல டிவிடியைப் போட்டு, உள்ள இருந்த ஃபைலை அப்படியே பென்டிரைவுக்கு காப்பி பண்ணிப் பாத்தேன். காப்பி ஆச்சு, ஆனா ஓட்டினா பச்சையும் ஊதாவுமா கட்டம் கட்டமா வருது. டிஸ்க்ல நேரா பாத்தா சுத்தமா இருக்கு. ஏன் இப்படி? அப்புறம், இப்படி ஏத்தி வச்சுக்கிறது சட்டப்படி தப்பா?

தென்காசி டெக்:
அக்கா, முதல்ல யூஎஸ்பி டிவிடி டிரைவ் ஒண்ணு வாங்குங்க. ஒல்லியா வரும், தனி கரண்டு வேண்டாம். யூஎஸ்பி 2.0 போதும், 3.0ன்னு சொல்லி கூடுதல் காசு கேட்டா கொடுக்காதீங்க. டிவிடியோட 1எக்ஸ் வேகம் நொடிக்கு 1.4 எம்பிக்கும் கீழதான். 8எக்ஸ்ல படிச்சாலும் 11 எம்பி. அதுக்கு பழைய வாய் தாராளம்.

சும்மா பாக்க வந்தவன்:
எதுக்கு இந்த ரோதனை? நெட்ல தேடினா எல்லாப் படமும் ஒரு ஜிபில கிடைக்குமே.

தென்காசி டெக்:
அந்தப் பேச்சு இங்க வேண்டாம் ப்ரோ. அவங்க காசு கொடுத்து வாங்கின டிஸ்க்கைப் பத்திக் கேக்காங்க.

பெங்குயின் சித்தப்பா:
பச்சைக் கட்டம் வந்த காரணம் இதான். டிவிடிக்குள்ள வீடியோ_டிஎஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுல படம் ஒரே ஃபைலா இருக்காது, ஒரு ஜிபிக்கு மிகாத விஓபி துண்டுகளா வெட்டி வச்சிருப்பாங்க. பெரிய கம்பெனி டிஸ்க்னா அந்தத் துண்டுகள் சிஎஸ்எஸ்ங்கிற பூட்டு போட்டு வரும். பூட்டைத் திறக்கிற சாவி டிஸ்க்கோட வேற இடத்துல ஒளிஞ்சிருக்கு. டிரைவும் ப்ளேயரும் ஒண்ணுக்கொண்ணு பேசித்தான் அதை எடுக்கும். நீங்க ஃபைலை மட்டும் இழுத்துப் போட்டா பூட்டு வரும், சாவி வராது. அதான் கட்டம் கட்டமா வருது.

அந்தப் பூட்டு வெறும் 40 பிட். 1999லயே உடைச்சாச்சு. அதுல சம்பந்தப்பட்ட நார்வேக்காரப் பையன் மேல வழக்குப் போட்டாங்க, 2003ல அந்த ஊர் கோர்ட்டே விடுதலை பண்ணிடுச்சு. விஎல்சி ப்ளேயர் செய்யுற ஆளுங்களோட லிப்டிவிடிசிஎஸ்எஸ்ங்கிற லைப்ரரி (மத்த மென்பொருள் எடுத்துப் பயன்படுத்துற துணை நிரல்) சாவியே இல்லாம கணக்குப் போட்டுத் திறக்கும். உங்க விஎல்சி டிவிடியை ஓட்டுறது அதனாலதான்.

மேக்எம்கேவின்னு ஒரு மென்பொருள் இருக்கு. டிஸ்க்கைப் படிச்சு பூட்டை எடுத்துட்டு, படத்தைத் துளி கூட சுருக்காம எம்கேவி ஃபைலா தரும். ஹேண்ட்பிரேக் சுருக்குறதுக்கு. அது தானா பூட்டைத் திறக்காது, அதுக்கு அந்த லைப்ரரி தனியா இருக்கணும். என் முறை: முதல்ல மேக்எம்கேவி, அப்புறம் அந்த ஃபைலை எடுத்து ஹேண்ட்பிரேக். டிஸ்க்கை ஒரு தடவைதான் சுத்த விடணும். பழைய டிஸ்க்கை மணிக்கணக்கா டிரைவுல வதைக்கக் கூடாது.

இன்னொண்ணு. மேக்எம்கேவி எந்த டைட்டில்னு, அதாவது டிஸ்க்ல உள்ள எந்த வீடியோன்னு கேட்டா நீளமானதைத் தேர்ந்தெடுங்க. ரெண்டரை மணி நேரம் ஓடுறதுதான் படம். ரெண்டு நிமிஷம், ஆறு நிமிஷம் எல்லாம் விளம்பரமும் பாட்டும்.

பண்பொழிக்காரி:
டிரைவ் வாங்கிட்டேன் சித்தப்பா. ஆனா டிஸ்க் போட்டா ஒரு சுத்து சுத்தி டொக்குன்னு நிக்குது. திரும்ப சுத்துது, திரும்ப டொக்.

தென்காசி டெக்:
யூஎஸ்பி ஹப்புல மாட்டியிருக்கீங்களா அக்கா? அப்படின்னா கழட்டி நேரா லேப்டாப்புல மாட்டுங்க. சுத்த ஆரம்பிக்கும்போது மோட்டாருக்கு மின்சாரம் பத்தாது. ரெண்டு தலை உள்ள கேபிள் கூட வந்திருந்தா ரெண்டையும் மாட்டணும், ஒண்ணு கரண்டுக்கு மட்டும்.

பண்பொழிக்காரி:
ஹப்புலதான் இருந்துச்சு! நேரா மாட்டினதும் சுத்துது. முதல் படம் ஏழு ஜிபி எம்கேவியா வந்துடுச்சு. விசிடிதான் தகராறு. பெட்டியைத் திறந்தா வெள்ளை வெள்ளையா பூஞ்சை மாதிரி படிஞ்சிருக்கு.

பழைய கடை அண்ணாச்சி:
தங்கச்சி, அவசரப்பட்டு அதை டிரைவுல போட்டுராத. நான் செங்கோட்டையில டிஸ்க் கடை வச்சிருந்தவன். நம்ம பக்கம் ஜூன்ல சாரல் ஆரம்பிச்சா வீட்டுக்குள்ள ஈரம்தான். அட்டைக் கவருக்குள்ள இருக்க டிஸ்க்குல பூஞ்சை புடிக்காம என்ன செய்யும். கடையில மழைக்காலம் முச்சூடும் இதே வேலைதான் எனக்கு.

முதல்ல எந்தப் பக்கம் பூஞ்சைன்னு பாரு. பளபளன்னு இருக்க அடிப்பக்கம்னா கவலை இல்ல. பாத்திரம் விளக்குற சோப்புத் தண்ணி ஒரு சொட்டு கலந்து, விரல் நுனியால மெதுவா தேச்சுக் கழுவு. அப்புறம் நல்ல தண்ணில அலசி, பழைய பருத்தித் துணியால நடு ஓட்டையில இருந்து வெளிப் பக்கமா நேர்கோட்டுல துடைக்கணும். வட்டமா துடைக்காத. படம் டிஸ்க்குல வட்டமாத்தான் எழுதியிருக்கு. நேர்க்கீறல் விழுந்தா ஒவ்வொரு சுத்துலயும் ஒரு புள்ளிதான் போகும், டிரைவ் சமாளிச்சுக்கிடும். வட்டக்கீறல்னா ஒரே இடத்துல தொடர்ச்சியா போயிரும், சமாளிக்க ஏலாது. வெயில்ல காயப் போடாத, ஃபேனுக்கு அடியில வை.

படம் போட்ட மேல்பக்கத்துல பூஞ்சைன்னா ரொம்பக் கவனம். விசிடில வெள்ளிப் பூச்சு மேல்பக்கம்தான் ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுக்கு மேல மெல்லிசா ஒரு வார்னிஷ், அவ்வளவுதான். நகத்தால சுரண்டினா பூச்சோட வந்துரும். அப்புறம் பிரம்மா வந்தாலும் படிக்க முடியாது. டிஸ்க்கை டியூப்லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாரு. ஊசிப் புள்ளியா வெளிச்சம் தெரிஞ்சா அங்க பூச்சு போயிட்டு. டிவிடில இந்த வம்பு கம்மி. ரெண்டு தகட்டுக்கு நடுவுல பூச்சை வச்சு ஒட்டியிருப்பான்.

கீறலுக்கு பற்பசை தேய்ப்பேன்னு எவனாவது சொன்னா சிரிச்சுட்டுப் போயிரு. பத்து டிஸ்க்ல ஒண்ணு தேறும், மத்ததெல்லாம் மங்கிப் போகும்.

சாரல்வாசி:
அண்ணாச்சி, உங்க கடையா? பஸ் ஸ்டாண்டுக்குப் போற வழியில இருந்ததா? ஆரியங்காவு, அச்சன்கோவில் ஆளுக எல்லாம் தமிழ்ப் படத்துக்கு அங்கதான வருவாங்க!

பழைய கடை அண்ணாச்சி:
அதெல்லாம் எதுக்கு வே இப்பம். ஆனா உள்ளது. நான் புனலூர், கொல்லத்துல இருந்து மலையாள டிஸ்க் எடுத்துட்டு வருவேன், அங்க உள்ளவன் தமிழ் டிஸ்க் வாங்க இங்க வருவான். 2007 வாக்குல மோசர் பேர் கம்பெனிக்காரன் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கினான் பாரு, அதுக்கு முன்ன திருட்டு டிஸ்க்குக்கு அலைஞ்சவன் பூராவும் ஒரிஜினல் வாங்கினான். தங்கச்சி பெட்டியில பாதி அந்தச் சரக்காத்தான் இருக்கும்.

பண்பொழிக்காரி:
ஆமா அண்ணாச்சி, பின்னாடி 28ன்னே போட்டிருக்கு. கழுவினதுல பெரும்பாலானது படிக்குது. சிலது பாதி காப்பி ஆகும்போது பிழைன்னு சொல்லி நிக்குது.

பெங்குயின் சித்தப்பா:
விசிடி கதையே வேற, கொஞ்சம் விலாவாரியா சொல்லுதேன். விசிடில பூட்டு கிடையாது. எம்பெக்ஏவின்னு ஒரு ஃபோல்டர், அதுல டாட்னு முடியுற ஃபைல், அதான் படம். இழுத்துப் போட்டா வந்துடும். ஆனா 80 நிமிஷ சிடில 700 எம்பிதான் பிடிக்கும்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அந்த ஃபைலோ 800 எம்பியைத் தொடும். எப்படி? சாதாரண சிடில ஒவ்வொரு துண்டுலயும் பிழை திருத்துறதுக்குன்னு கொஞ்சம் இடம் ஒதுக்கியிருப்பாங்க. விசிடில அந்த இடத்துக்கும் சேத்துப் படத்தையே நிரப்பிட்டாங்க. அதனால பெரிய கீறல் பட்டா மீட்கிறதுக்கு அந்தக் கூடுதல் உதிரி இல்ல. டிவில பாத்தா ஒரு நொடி கட்டம் தெறிச்சுட்டு ஓடிடும். கம்ப்யூட்டரோ ஃபைல்னு நினைச்சுப் படிக்கும், ஒரு துண்டு கெட்டாலும் மொத்தக் காப்பியையும் தூக்கிப் போட்டுடும்.

அதுக்கு ஐசோபஸ்டர் மாதிரி மென்பொருள் வேணும். கெட்ட துண்டைத் தாண்டிட்டு மிச்சத்தை எடுக்கும். அதுலயும் நின்னா வேற டிரைவுல போட்டுப் பாருங்க. உங்க ஆபீஸ் பழைய கம்ப்யூட்டர்ல உள்ள பெரிய டிரைவ், புது ஒல்லி டிரைவ் கைவிட்டதைப் படிக்க வாய்ப்பிருக்கு. ஒரே டிஸ்க்கை ஒவ்வொரு டிரைவும் ஒவ்வொரு மாதிரி படிக்கும், இது நிறைய பேருக்குத் தெரியாது.

எடுத்த விசிடியை ஹேண்ட்பிரேக்ல போட்டுப் பெருசாக்க வேண்டாம். படமே 352க்கு 288 புள்ளிதான். அதை மறுபடி சுருக்கினா இருக்கறதும் போகும். டாட் ஃபைலா அப்படியே வச்சு விஎல்சில ஓட்டுங்க. பாகம் ஒண்ணு, ரெண்டுன்னு பேர் போட்டு ப்ளேலிஸ்ட்ல வரிசையா போட்டா இடைவேளைக்கு டிஸ்க் மாத்துற வேலையும் இல்ல.

நேர்வழி:
எல்லாரும் சந்தோஷமா பேசிட்டு இருக்கீங்க. தமிழ்நாட்டுல திருட்டு விசிடிக்கு குண்டர் சட்டம் இருக்கறது தெரியுமா? பூட்டை உடைக்கிறதே குற்றம். அந்த அக்காவை மாட்டி விடாதீங்க.

கோர்ட்டு வாசல்:
நான் வக்கீல் ஆபீஸ்ல இருக்கேன், இதை ஆலோசனையா எடுக்காம தகவலா எடுத்துக்கோங்க.

குண்டர் சட்டம் 1982ல வந்தது. அதுல வீடியோ திருட்டை 2004ல சேத்தாங்க. அது பொது ஒழுங்கைப் பாதிக்கிற அளவுக்கு அதைத் தொழிலா செய்யுறவங்களைத் தடுப்புக்காவல்ல வைக்கிறதுக்கு. தான் வாங்கின டிஸ்க்கை தான் பாக்க ஏத்துறவங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

பொருந்துறது 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம். அதுல 2012ல ரெண்டு மாற்றம் வந்துச்சு. ஒண்ணு, பிரிவு 52ல சொந்த உபயோகத்துக்கான நியாயமான கையாளுதலை கம்ப்யூட்டர் நிரல் தவிர எல்லாப் படைப்புக்கும் விரிச்சாங்க. அதனால சினிமாவும் உள்ள வந்துச்சு. இன்னொண்ணு, புதுசா 65ஏ பிரிவு. பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, அபராதமும் உண்டு. ஆனா அதுலயே 'உரிமையை மீறுற நோக்கத்தோட' உடைச்சான்னு ஒரு நிபந்தனை இருக்கு. சட்டம் வெளிப்படையா தடுக்காத காரியத்துக்காகச் செஞ்சா இந்தப் பிரிவு பொருந்தாதுன்னும் அடுத்த உட்பிரிவு சொல்லுது. அமெரிக்காவோட 1998 சட்டத்துல இப்படி ஒரு நோக்க நிபந்தனை கிடையாது, அங்க வீட்டு உபயோகத்துக்குப் பூட்டு உடைக்கிறதும் சிக்கல்தான். பிரிட்டன்ல 2014 அக்டோபர்ல சொந்தக் காப்பிக்கு அனுமதி கொடுத்தாங்க, 2015 ஜூலைல கோர்ட் ரத்து பண்ணிடுச்சு.

நேர்வழி:
முழுப் படத்தையும் காப்பி எடுக்கிறது 'நியாயமான கையாளுதல்'னு எந்த வரில இருக்கு?

கோர்ட்டு வாசல்:
அந்த வரி இல்லதான் சார், நீங்க கேக்கறது சரியான கேள்வி. முழுசா எடுக்கலாம்னும் எழுதல, கூடாதுன்னும் எழுதல. எவ்வளவு எடுத்தாங்க, எதுக்கு எடுத்தாங்க, படம் விக்கிறவனுக்கு நஷ்டம் உண்டாங்கிறதை வச்சுத்தான் நியாயம் பாப்பாங்க. என் கருத்து: டிஸ்க் உங்க கையில இருக்கணும், காப்பி உங்க கையை விட்டுப் போகக் கூடாது. டிஸ்க்கை வித்துட்டு காப்பியை மட்டும் வச்சுக்கிட்டா வாதமே நிக்காது.

சாரல்வாசி:
லேப்டாப்போட ஸ்டேட் தாண்டினா கேரளாக்காரன் புடிப்பானா சார் 😀

கோர்ட்டு வாசல்:
இது மத்திய சட்டம், எல்லைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான். ஆரியங்காவு செக்போஸ்ட்ல அவங்க தேடுறது வேற சரக்கு.

நகரி நாகு:
நான் சித்தூர் பக்கம், வீட்டுல தமிழு, வெளில தெலுங்கு. எங்க மாமா குவைத்ல இருந்து கொண்டு வந்த டிவிடி ரெண்டு மூணு டிரைவுல போடவே மாட்டேங்குது. பூட்டா?

பெங்குயின் சித்தப்பா:
அது மண்டலக் குறியீடு தம்பி, டிஸ்க் உலகத்துல எந்தப் பக்கம் ஓடணும்னு போடுற எண். இந்தியா 5, வளைகுடா 2. டிரைவுக்கு ஒரு மண்டலம்தான். அஞ்சு தடவை மாத்தலாம், அஞ்சாவதோட அப்படியே உறைஞ்சு போகும். விண்டோஸ் மாத்தவான்னு கேட்டா அவசரப்பட்டு சரின்னு கொடுத்துடாத. விஎல்சில போட்டுப் பாரு, பல டிரைவுல மண்டலத்தைக் கண்டுக்காமலே ஓட்டும். நம்ம படங்களோட வெளிநாட்டு டிவிடி பலது எல்லா மண்டலத்துக்கும் பொதுவாத்தான் வரும், அதுல இந்தத் தொல்லை இருக்காது.

பண்பொழிக்காரி:
இப்போ ஹேண்ட்பிரேக் வரைக்கும் வந்துட்டேன். ரெண்டு குறை. யாராவது கை வீசினா ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரியுது. இன்னொண்ணு, பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்குது, பேசுறது மட்டும் கேக்கவே மாட்டேங்குது. ரயில் சத்தத்துல சுத்தமா இல்ல.

தென்காசி டெக்:
முதலாவது, பழைய டிவிக்காக படத்தை ஒத்தை வரி, இரட்டை வரின்னு பிரிச்சு எழுதினது. ஃபில்டர் பக்கத்துல டிகோம்ப்னு ஒண்ணு இருக்கு, அதைப் போடுங்க. சீப்பு இருக்கற இடத்துல மட்டும் வேலை செய்யும்.

ரெண்டாவது, டிவிடில டால்பி 5.1 சத்தம். வசனம் நடு ஸ்பீக்கருக்குன்னு தனியா இருக்கு. ஆடியோ பக்கத்துல ஸ்டீரியோ ஏஏசி தேர்ந்தெடுங்க. பக்கத்துலயே டிஆர்சின்னு ஒரு எண் இருக்கும், அதை 2 இல்ல 2.5 வைங்க. சின்னச் சத்தம் மேல வரும், பெருசு அடங்கும். வீட்டுல நல்ல ஸ்பீக்கர்ல கேக்கறவங்க இதைத் தொடவே கூடாது. உங்களுக்கு இது அவசியம்.

தரத்துக்கு ஆர்எஃப்னு ஒரு எண் இருக்கும், அது 20 போதும். 22க்கு மேல போனா இருட்டுக் காட்சியெல்லாம் கலங்கிடும். சப்டைட்டில் டிவிடில எழுத்தா இருக்காது, படமா இருக்கும். அதனால எம்கேவியிலேயே வைங்க. எம்பி4ல போட்டா சில ப்ளேயர்ல காணாமப் போகும்.

பண்பொழிக்காரி:
டிஆர்சி 2.5 வச்சேன், தென்மலை வளைவுல கூட வசனம் கேக்குது! ஏழு ஜிபி படம் ஒண்ணேகால் ஜிபி ஆயிடுச்சு. அப்போ அந்தப் பெரிய எம்கேவியை எல்லாம் அழிச்சிடலாமா? லேப்டாப்புல இடமில்ல.

தென்காசி டெக்:
அழிச்சிடுங்க அக்கா. டிஸ்க்தான் கையில இருக்கே.

பெங்குயின் சித்தப்பா:
அழிக்காதீங்கம்மா. தம்பி சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. டிஸ்க் இருக்கு சரி, அடுத்த மழைக்கு அப்புறம் படிக்குமா? வெளி ஹார்ட் டிஸ்க் ஒரு டிபி வாங்கினா ஏழு ஜிபி படம் 130க்கு மேல பிடிக்கும். சின்ன ஃபைல் ரயிலுக்கு, பெருசு வீட்டுக்கு. நாளைக்கு பெரிய டிவில பாக்கணும்னு தோணினா சுருக்கினதுல இருந்து திரும்ப வராது.

தென்காசி டெக்:
சித்தப்பா, அவங்க கேட்டது ரயில்ல பாக்க. ஆவணக் காப்பகம் நடத்த இல்ல.

பழைய கடை அண்ணாச்சி:
தம்பி, கடையை மூடும்போது மிச்சச் சரக்கை கிலோ கணக்குல பழைய பேப்பர்காரன்கிட்டதான் போட்டேன். அதுல இருந்த சில மலையாளப் படம் இப்பம் எங்க தேடினாலும் நல்ல பிரிண்டுல கிடைக்கல. சித்தப்பா சொல்லுததுதான் சரி. நெட்டுல கிடைக்காத படம்னா பெரிய ஃபைலை வை. மாசத்துக்கு நாலு தடவை டிவில போடுதானே, அந்தப் படத்துக்கு எதுக்கு ஏழு ஜிபி?

பண்பொழிக்காரி:
இது நல்லா இருக்கு அண்ணாச்சி. எது எங்கயும் கிடைக்கலையோ அது ஹார்ட் டிஸ்க்குக்கு.

சும்மா பாக்க வந்தவன்:
அக்கா, அந்தக் கிடைக்காத மலையாளப் படம் இருந்தா ஒரு லிங்க் போடுங்களேன். ஆராய்ச்சிக்குத்தான் 😇

பண்பொழிக்காரி:
லிங்க் கிடையாது தம்பி. மேல கோர்ட்டு வாசல் சார் எழுதினதைப் படி. பாக்கணும்னா வீட்டுக்கு வா, காப்பி போட்டுத் தாரேன். குடிக்கிற காப்பி.

சாரல்வாசி:
😂😂 என் பங்குக்கு ஒரு சந்தேகம். எங்க ஊர் லைப்ரரில டிவிடி இரவல் தாராங்க. அதையும் ஏத்தி வச்சுக்கலாமா?

கோர்ட்டு வாசல்:
திருப்பிக் கொடுத்ததும் அது உங்க டிஸ்க் இல்ல. காப்பி மட்டும் மிஞ்சும். மேல சொன்ன வாதம் எதுவும் உங்களுக்கு உதவாது.

பழைய கடை அண்ணாச்சி:
வாடகைக்கு எடுத்துட்டுப் போய் ராத்திரியோட காப்பி போட்டுட்டு காலையில கொண்டு வர்றவனை எல்லாம் டிஸ்க்கோட சூட்டை வச்சே கண்டுபுடிச்சவன் நான்.

பண்பொழிக்காரி:
கடைசியா ஒண்ணு. பெட்டிக்கு அடியில நீலக் கவர்ல ரெண்டு டிஸ்க் இருக்கு. டிரைவுல போட்டா ஒண்ணுமே இல்லாத டிஸ்க் மாதிரி காட்டுது. கீறல் கூட இல்ல.

பெங்குயின் சித்தப்பா:
அது ப்ளூரே. உங்க டிரைவ் சிவப்பு லேசர், 650 நானோமீட்டர். ப்ளூரேக்கு 405 நானோமீட்டர் லேசர் வேணும், அதுல எழுத்து அவ்வளவு பொடிசு. ஒரு அடுக்குக்கு 25 ஜிபி. அதுக்குன்னு தனி டிரைவ், விலையும் பல மடங்கு. ரெண்டு டிஸ்க்குக்காக வாங்காதீங்க, தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது இருந்தா டிஸ்க்கையும் ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துட்டுப் போங்க.

நகரி நாகு:
என்கிட்ட ஒண்ணு இருக்கு, ஆனா நான் நகரில இருக்கேனே அக்கா.

சாரல்வாசி:
இலஞ்சில என் மச்சான்கிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமைன்னா அவன் வீட்டுலதான் இருப்பான். கேட்டுட்டு உங்களுக்குத் தனிமடல்ல சொல்றேன்.